அம்மாவின் கொலுசுப் பட்டறை முன்பணத்தைத் தண்டல் வாங்கி அடைக்கலாமா?

சிவதாபுரம் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 47 வயது. இருபது வருஷமாக வீட்டிலேயே உட்கார்ந்து வெள்ளிக் கொலுசுக்குச் சலங்கை பற்ற வைக்கிறார். பட்டறைக்காரர் வெள்ளியை எடை போட்டுத் தருவார், முடித்ததை எடை போட்டு வாங்கிக்கொள்வார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சேதாரம் போக எடை குறைந்தால் அது எங்கள் தலையில்.

மூன்று வருஷத்துக்கு முன் ராத்திரி 11 மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது அந்தப் பட்டறைக்காரர்தான் 40,000 ரூபாயைக் கையில் கொடுத்து ஆட்டோவும் பிடித்து அனுப்பினார். அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அந்த முன்பணம் தீரவே மாட்டேன் என்கிறது. சனிக்கிழமை சனிக்கிழமை கூலியில் பிடிக்கிறார், எவ்வளவு பிடித்தார், மீதி எவ்வளவு என்பதெல்லாம் அவர் நோட்டில்தான் இருக்கிறது. நடுவில் தீபாவளிக்கும் என் காலேஜ் ஃபீஸுக்கும் கொஞ்சம் வாங்கினோம். போன மாதம் கேட்டால் 52,000 பாக்கி என்கிறார். எடை குறைந்த வெள்ளிக்கும் அதிலேயே விலை ஏற்றியிருக்கிறார்.

இதுதான் மனசை அறுக்கிறது. வெள்ளி கிலோ 50,000 ரூபாய் இருந்தபோது 10 கிராம் குறைந்தால் 500 ரூபாய் போகும். 2025-ல் விலை லட்சத்தைத் தாண்டிய பிறகு அதே 10 கிராமுக்கு ஆயிரத்துக்கு மேல் போகிறது, கூலி மட்டும் பழைய கூலிதான். விலை ஏறியதால் ஆர்டரும் குறைந்து, வாரத்தில் இரண்டு நாள் அம்மா சும்மா உட்கார்ந்திருக்கிறார். வேலை முடிந்ததும் தரையை ஈரத்துணியால் ஒற்றி, துணியை ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறார், ஒரு தூசு வெள்ளி போய்விடக் கூடாது என்று.

அடுத்த தெருப் பட்டறையில் கூலி அதிகம். பாக்கியைக் கட்டிவிட்டுப் போ என்கிறார் இவர். சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கியில் உட்காரக்கூடச் சொல்லவில்லை. தண்டல்காரர் ஒருவர் 10,000 எழுதி 8,500 கையில் தருவாராம், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டுமாம். அப்படி ஐந்தாறு எடுத்து இதை அடைத்துவிடலாமா?

அம்மாப்பேட்டை தறிக்காரன்:

தங்கச்சி, தண்டல் பக்கமே போகாதே. 8,500 வாங்கி 100 நாளில் 10,000 கட்டுவது பார்க்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டே இருக்கிறது, பாதி நாளுக்குப் பிறகு உன் கையில் அவர் பணம் பாதிகூட இருக்காது. வருஷக் கணக்கில் பார்த்தால் வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். நீ சொல்கிற மாதிரி ஆறு எடுத்தால் தினம் 600 கட்ட வேண்டும். வேலை இல்லாத அந்த இரண்டு நாள் எங்கே போவீர்கள்? 2003-லேயே தமிழ்நாட்டில் கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடை செய்து சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் காலையில் பைக்கில் வந்து வசூலிக்கிறார்கள், ஏனென்றால் நம் வாசலுக்கு வருகிற கடன் அது ஒன்றுதான்.

எங்கள் தறி வீடுகளிலும் இதே கதைதான். அப்பா மூன்று முதலாளி மாறினார், ஒவ்வொரு முறையும் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி அவரை எடுத்துக்கொண்டார். ஆள் மாறியது, பாக்கி மாறவில்லை. அடுத்த தெருப் பட்டறை கூலி அதிகம் என்றால் அவரும் முன்பணம் தருவாரா, அதற்கு எவ்வளவு நாள் கட்டிப்போடுவார் என்று முதலில் கேள்.

இன்றைக்கே ஒரு நோட்டு போடு. வெள்ளி வாங்கும்போது எடை, கொடுக்கும்போது எடை, கூலி, பிடித்தம், தேதி. தராசில் எண் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம். சண்டை போடவேண்டாம், “அண்ணா, எங்களுக்கும் ஞாபகம் இருக்கட்டும்” என்று சொல்லி எழுது.

குகை அக்கா:

நானும் ஊதுகுழல் பிடித்தவள்தான், இப்போது சங்கத்தில் இருக்கிறேன். அம்மா வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா? தங்கம், வெள்ளி வேலை செய்பவர்களுக்குப் பொற்கொல்லர் நலவாரியம் இருக்கிறது. 18-லிருந்து 60 வயது வரை சேரலாம், பணம் கட்ட வேண்டியதில்லை, தொழிலாளர் துறையின் இணையதளத்திலேயே பதியலாம். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள், நிறைய பேர் அதில்தான் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் உண்டு. உன் காலேஜ் ஃபீஸுக்கு முன்பணம் வாங்கினோம் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்தபோது வயிறு எரிந்தது. அந்த வாரிய அட்டை இருந்திருந்தால் அதில் கொஞ்சமாவது குறைந்திருக்கும்.

இன்னொன்று. முன்பணத்தைக் காரணம் காட்டி ஒருவரை வேறு இடத்துக்கு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது 1976-ம் வருஷக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வருகிற விஷயம். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

ஏற்காடு அடிவாரம்:

அக்கா சொல்வது சரி, ஆனால் மனுவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மேலே காபிப் பழம் பறிக்கிற சீசனில்தான் கையில் காசு. மற்ற மாதங்களில், வேலைக்கு ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கித்தான் அரிசி வாங்குகிறோம். எஸ்டேட்டில் நிரந்தரமாக இருப்பவர்களுக்குச் சட்டப்படி வீடு, வைத்தியம் உண்டு, பக்கத்துச் செடியில் அதே பழத்தைப் பறிக்கிற எங்களுக்கு ஒன்றும் கிடையாது. எங்கள் ஊரில் ஒருவர் நேராகப் புகார் என்று போனார். அவருக்கு மட்டுமில்லை, அந்த வரிசை வீடுகளில் யாருக்கும் அடுத்த சீசனில் அந்த மேஸ்திரி முன்பணம் தரவில்லை. ராத்திரி 11 மணிக்குப் பணம் தர வேறு ஆள் கிடைக்கும் வரை அந்தக் கதவை உடைக்க முடியாது.

எங்கள் வீட்டில் கை கொடுத்தது மகளிர் குழுதான். வாசலுக்கு வந்து வாரா வாரம் வசூலிக்கிற கம்பெனிக் குழு வேறு, அதைச் சொல்லவில்லை. நாமே சேமித்து வங்கியோடு இணைந்த குழு. அதற்குக் கடன் தரும்போது வங்கியில் சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள், குழுக் கூட்டத் தீர்மான நோட்டைத்தான் பார்ப்பார்கள்.

சிவதாபுரம் மகள்:

எல்லோருக்கும் நன்றி. தண்டல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். நேற்று சனிக்கிழமை அம்மாவோடு நானும் போனேன். நோட்டை நீட்டியதும் பட்டறைக்காரர் முகம் மாறியது, என்னைப் பார்த்து “படிக்கிற பிள்ளை கேட்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு, அவர் நோட்டைத் திறந்து காட்டினார். எடைக் குறைவுக்கு என்று ஏற்றியது மட்டும் 9,000-க்கு மேல். எல்லாவற்றையும் அன்றைய விலைக்குப் போடாமல் இன்றைய விலைக்குப் போட்டிருந்தார். அம்மா வாயே திறக்கவில்லை, நான்தான் கேட்டேன். அடுத்த வாரம் திருத்திப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

குகை அக்கா, வாரியப் பதிவுக்கு ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் தவிர அம்மா இந்த வேலை செய்கிறார் என்பதற்கு யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்? விஏஓ போதுமா, சங்கத்தில் வாங்கலாமா? திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.