மாடல் டி, பீட்டில் ரெண்டுல எது நல்ல டிசைன்?

பழையவண்டி: வணக்கம் மக்களே. ஃபோர்டு மாடல் டி 1908ல வந்துச்சு, வோக்ஸ்வேகன் பீட்டில் 1938. ரெண்டுமே சாதாரண ஜனங்க வாங்கணும்னு செஞ்சதுதான். ஆனா மாடல் டி 2.9 லிட்டர் இன்ஜின் வச்சுக்கிட்டு 20 குதிரைத்திறன்தான் குடுக்குது, போருக்கு அப்புறம் வந்த பீட்டில் 1.1 லிட்டர்லயே 25 எடுக்குது. அப்புறம் ஏன் மாடல் டி-ய இவ்ளோ தூக்கி வச்சுப் பேசறாங்க?

கிரீஸ்கை: இன்ஜின விடுங்க ப்ரோ, எந்த ரோட்டுக்கு செஞ்சாங்கன்னு பாருங்க. மாடல் டி வந்தப்போ அமெரிக்க கிராமத்துல ரோடுன்னா வண்டித்தடம்தான், மழை பெஞ்சா முழுக்க சேறு. அதனாலதான் அவ்ளோ உசரம், முன்னாடி பின்னாடி குறுக்கால ஒவ்வொரு லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டை அடுக்கி செஞ்ச வில்லு), ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்குனாலும் மத்தது தரைய விடாது. பெரிய இன்ஜின் வேகத்துக்கு இல்ல, மெதுவா சுத்திக்கிட்டே இழுக்கறதுக்கு. பீட்டில் கதையே வேற, அது ஆட்டோபான்ல (ஜெர்மனியோட அதிவேக நெடுஞ்சாலை) 100 கிலோமீட்டர் வேகத்துல நாள் முழுக்க ஓடணும்னு யோசிச்ச வண்டி, இன்ஜின் அதிகமா காத்து இழுக்காதபடியே வச்சிருப்பாங்க, அதனால முழுசா மிதிச்சே ஓட்டினாலும் தாங்கும். ஏர் கூலிங் வேற, பனியில தண்ணி உறையுமேன்னு கவலையே இல்ல.

மூணுபெடல்: நான் ஒரு தடவ மாடல் டி ஓட்டிருக்கேன், கால் பழக்கம் மொத்தமா மாறணும். இடது பெடல முழுசா மிதிச்சா லோ கியர், பாதியில நியூட்ரல், விட்டா ஹை. நடுவுல ரிவர்ஸ், வலது ஓரம் பிரேக்! ஆக்சிலரேட்டர் ஸ்டியரிங் பக்கத்துல கையில. பழகின கால் வலது பெடலத்தான் மிதிக்கும், நல்லவேளை அங்க இருக்கறது பிரேக். பீட்டில்ல ஏறி உக்காந்தா அப்படியே ஓட்டலாம், ஆனா பழைய மாடல்ல வளைவுல டக்குனு ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்துடாதீங்க, பின்பக்கம் வீசிடும், பின்னாடி இருக்கற ஸ்விங் ஆக்சில் அப்படி, சக்கரம் மேல கீழ போறப்போ சாஞ்சுக்கும்.

பழையவண்டி: மாடல் டி மேட்டுல ரிவர்ஸ்ல ஏறும்னு கேள்விப்பட்டேன், நெசமா?

கிரீஸ்கை: நெசம்தான். பெட்ரோல் பம்ப் கிடையாது, டேங்க் சீட்டுக்கு அடியில, பெட்ரோல் தானா இறங்கி வரணும். டேங்க்ல கம்மியா இருந்து மேடு செங்குத்தா இருந்தா கார்புரேட்டருக்கு (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பற பாகம்) வராது, வண்டிய திருப்பி ரிவர்ஸ்ல ஏத்தினா டேங்க் இன்ஜின விட மேல போயிடும், பெட்ரோல் வந்துரும். ரிவர்ஸ் கியருக்கு இழுவையும் ஜாஸ்தி.

சேஸிஸ்: டிசைன்னா என் ஓட்டு பீட்டிலுக்கு. ஆனா மாடல் டி-ய தூக்கி வைக்கறது காருக்காக மட்டும் இல்லங்க, செஞ்ச விதத்துக்கு. 1913ல நகரும் அசெம்பிளி லைன் வந்ததும் 12 மணி நேரத்துக்கு மேல எடுத்த சேஸிஸ் (வண்டியோட அடிச்சட்டம்) கோக்கற வேலை ஒன்றரை மணி நேரமா குறைஞ்சுது. 850 டாலர் வண்டி 1925ல 260 டாலர். ஒன்றரை கோடி வண்டி செஞ்சாங்க, அந்த ரெக்கார்ட 1972 பிப்ரவரில உடைச்சது பீட்டில்தான்.

பழையவண்டி: ஓ, அப்போ நான் இன்ஜின் சைஸ மட்டும் பாத்ததுதான் தப்பு. மூணுபெடல் அண்ணா, அந்த பெடல் வேலை செய்யறத ஒரு வீடியோ எடுத்துப் போடுங்களேன்.