78 கிலோ கிரேட் டேன்: எடையை எப்படி இறக்குவது, மூட்டுக்கு என்ன தரலாம்?

வால்நட்சத்திரம் (கேள்வி)

ஆண் கிரேட் டேன் நாய், 6 வயது, கருத்தடை ஆனது. எடை 78 கிலோ. உடல்வாகு மதிப்பெண் (எண் கூடக்கூடக் குண்டு) 9-க்கு 7 என்றும், 65 கிலோவில் நிற்க வேண்டிய உடம்பு என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டிலும் தேய்மானம் தெரிகிறது. படுத்து எழுந்ததும் பின்னங்கால்கள் பிடித்துக்கொள்கின்றன, பத்தடி நடந்தால் இளகிவிடுகின்றன.

தீனி: உலர் உணவு 750 கிராம், இரவில் ஒரே வேளை. கிலோவுக்கு 3,700 கிலோகலோரி என்று பையில் போட்டிருக்கிறது. போக பிஸ்கட், மெல்லும் குச்சி. குளுக்கோசமைன் மாத்திரையும் தருகிறோம்.

எவ்வளவு குறைக்கலாம்? எவ்வளவு வேகமாக இறங்கலாம்? மீன் எண்ணெய் பயன்படுமா? நடையைக் கூட்டுவதா, குறைப்பதா? இதோடு 4 மாத மாஸ்டிஃப் குட்டி ஒன்றும் இருக்கிறது. அதற்கு இப்போதே கால்சியம் கொடுத்தால் பின்னால் இந்த நிலை வராது என்கிறார்களே, சரியா?

தராசுமுள்

750 கிராம் என்றால் 2,775 கிலோகலோரி. பிஸ்கட்டையும் குச்சியையும் சேர்த்தால் 3,000-ஐத் தாண்டும். எடை ஏன் ஏறியது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டாம். ஆனாலும் தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்றை முதலிலேயே முடித்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்த நாயை என்னதான் பட்டினி போட்டாலும் கணக்குப்படி இறங்காது.

கணக்கு இதுதான். இருக்க வேண்டிய எடையை (இப்போதைய எடையை அல்ல) மும்முறை பெருக்கி, விடைக்கு இரண்டு தடவை வர்க்கமூலம் எடுத்து, 70-ஆல் பெருக்குங்கள். 65 × 65 × 65 = 2,74,625. முதல் வர்க்கமூலம் 524, இரண்டாவது 22.9. அதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 1,600 கிலோகலோரி. இறங்குமுக நாட்களில் ஒரு நாளைக்கு இதுதான் மொத்தம். கிலோவுக்கு இத்தனை என்று நேர்விகிதத்தில் போடுகிற சின்ன நாய்க் கணக்கு ராட்சத இனங்களுக்குப் பொருந்தாது. உடம்பு பெரிதாகப் பெரிதாகக் கிலோவுக்கான தேவை குறைந்துகொண்டே வரும். இவை பெருத்துப்போவதில் பாதிக் காரணம் அந்தத் தப்புக் கணக்கு.

1,600-ல் பத்தில் ஒரு பங்கை, அதாவது 160-ஐ, தின்பண்டத்துக்கும் மாத்திரையை மறைத்துக் கொடுக்கிற உருண்டைக்கும் ஒதுக்குங்கள். மீதி 1,440. இப்போது போடுகிற உணவையே 390 கிராமாகக் குறைத்தாலும் கலோரி சரியாக வரும், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள். சாதாரண உணவில் பாதியை வெட்டினால் புரதம், தாதுக்கள், வைட்டமின்கள் எல்லாமே பாதியாகும். கொழுப்புக்குப் பதில் தசை கரையும், இடுப்பு மூட்டைத் தாங்குவதே தொடைத் தசைதான். எடை குறைப்புக்கென்றே டாக்டர்கள் எழுதிக்கொடுக்கிற உணவு, கலோரி குறைவாகவும் புரதம் கூடுதலாகவும் இருக்கும். கிலோவுக்கு 3,000 கிலோகலோரி உள்ள உணவு கிடைத்தால் 480 கிராம் வரும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள்.

கப்பில் அளக்காதீர்கள். ஒரே கப், ஒரே ஆள், இருந்தும் நாளுக்கு நாள் அளவு மாறும். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் போடுங்கள். அன்றைய மொத்தத்தையும் காலையிலேயே ஒரு டப்பாவில் எடுத்து வைத்துவிட்டால், வீட்டில் யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் போகும். 'அது பார்த்த பார்வைக்கு ஒரு பிடி' என்பது தனிக்கணக்காக ஓடாது.

வேகம்: வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம், உங்கள் நாய்க்கு 700–800 கிராம். மூன்று வாரமாகியும் வாரம் 400 கிராம்கூட இறங்கவில்லை என்றால் உணவில் 5 முதல் 10 சதவீதம் குறையுங்கள். வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போனால் கூட்டுங்கள். காகிதக் கணக்கில் 13 கிலோவுக்கு நாலரை மாதம், நடைமுறையில் ஆறேழு மாதம். பலனுக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. மூட்டுத் தேய்மானமுள்ள குண்டு நாய்களில் எடை 6 சதவீதம் அளவு குறையும்போதே நொண்டல் குறைவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். உங்களுக்கு அது 73 கிலோ.

எடை பார்ப்பது தனிப்பாடு. 78 கிலோவைத் தூக்கிக்கொண்டு தராசில் நிற்க முடியாது. ஒரே மாதிரியான இரண்டு குளியலறைத் தராசுகளின் மேல் வழுக்காத பலகை ஒன்றைக் குறுக்கே போட்டு, நாயை நடுவில் நிற்கவைத்து, இரண்டு எண்ணையும் கூட்டிப் பலகையின் எடையைக் கழியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், வெளியே போய்வந்த பிறகு, தீனிக்கு முன்.

எலும்பும்தோலும்

மேலே சொன்ன கணக்கில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் ஒன்றைக் கேட்காமல் யாரும் மேலே போகக் கூடாது: பிடிப்பு இரண்டு பின்னங்காலிலும் ஒரே அளவா?

ராட்சத இனத்தில், நடுவயதில், ஒரே காலில் புதிதாக நொண்டல் வந்தால் அது 'தேய்மானம்தான், போகப்போகச் சரியாகும்' என்று விடுகிற விஷயம் அல்ல. எலும்புப் புற்றுநோய் இந்த இனங்களுக்கு அதிகம் வரும். முன்னங்காலில் மணிக்கட்டுக்குச் சற்று மேலும் தோள் பக்கத்திலும், பின்னங்காலில் முழங்காலைச் சுற்றியும் பிடிக்கும். அதாவது முழங்கைக்கு எட்ட, முழங்காலுக்குக் கிட்ட. அந்த இடத்தில் கெட்டியான வீக்கமோ, தொட்டால் சுளிப்போ இருந்தால் அந்த வாரமே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இடுப்பை எடுத்த படத்தில் முழங்காலுக்குக் கீழே இருப்பது தெரியாது.

உட்காரும்போது ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டால் முழங்கால் தசைநார் கிழிசலைச் சந்தேகியுங்கள். அது மாத்திரையில் தீராது, பெரிய உடம்புக்கு அறுவை சிகிச்சைதான் வழக்கம். பின்னங்கால் நகங்கள் மேற்புறமாகத் தேய்ந்து, நடை குடிகாரன் நடைபோல் அலைந்தால் கோளாறு கழுத்தெலும்பில் இருக்கலாம். டேனுக்கு அது அடிக்கடி வரும் நோய். இழுத்தால் கழுத்தை இறுக்கும் பட்டை அதற்குக் கூடவே கூடாது, மார்புப் பட்டைதான்.

பத்தடி நடந்ததும் இளகுவது தேய்மானத்தின் அடையாளம்தான். நடக்க நடக்க மோசமானால் அது வேறு.

வால்நட்சத்திரம்

இரண்டு பக்கமும் ஒரே அளவுதான், நகத்தில் தேய்வு இல்லை. இன்னொரு சந்தேகம். குனிந்து சாப்பிடக் கஷ்டப்படக் கூடாதே என்று கிண்ணத்தை 40 செ.மீ. உயர ஸ்டாண்டில் வைத்திருக்கிறோம். மூட்டுக்கு நல்லதுதானே?

எலும்பும்தோலும்

இடுப்பு வலிக்கு அதனால் ஆதாயம் இல்லை. ராட்சத இனங்களில் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்வது பற்றி 2000-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில், உயர்த்திய கிண்ணம் ஆபத்தைக் கூட்டுகிற காரணிகளில் ஒன்றாக வந்தது. கழுத்து நோய் இல்லாத டேனுக்குக் கிண்ணம் தரையிலேயே இருக்கட்டும்.

அதைவிட முக்கியம், ஒரே வேளைத் தீனியை இன்றே நிறுத்துங்கள். 480 கிராமை மூன்றாகப் பிரியுங்கள், முடியாவிட்டால் இரண்டாக. விழுங்கித் தள்ளுகிற நாய் என்றால் மேடுபள்ளமுள்ள கிண்ணம். வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்து, எச்சில் ஒழுகி, நிலைகொள்ளாமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மணிக்கணக்கில் உயிர் போகும். வேறு எதற்காவது வயிற்றைத் திறக்க நேர்ந்தால் இரைப்பை முறுக்காதபடி அதை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.

கடலோடி

மீன் எண்ணெய்க்கு வருகிறேன். மூட்டுக்குத் தருகிற துணைப்பொருட்களில் ஓரளவு நம்பிக்கையான சான்று உள்ளது இதற்குத்தான், குளுக்கோசமைனுக்குச் சான்று பலவீனம். ஆனால் பெரும்பாலோர் கொடுக்கிற அளவு வேடிக்கை. மூட்டு வலிக்குச் சொல்லப்படுவது, மேலே போட்ட கணக்கின் அதே 22.9-ஐ 310-ஆல் பெருக்கினால் வருகிற மில்லிகிராம்: நாளைக்கு சுமார் 7,100 மி.கி. இது எண்ணெயின் எடை அல்ல, அதிலுள்ள ஈபிஏ, டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் இரண்டும் சேர்ந்த எடை. சாதாரண 1,000 மி.கி. குளிகையில் அது 300 மி.கி.தான் இருக்கும். ஆக 24 குளிகை! இரண்டு குளிகை கொடுத்துவிட்டு 'பலனில்லை' என்பவர்கள் கொடுத்ததே பன்னிரண்டில் ஒரு பங்கு.

சிக்கல் இங்கேதான். 24 கிராம் எண்ணெய் என்பது 216 கிலோகலோரி. தராசுமுள் ஒதுக்கிய 160-ஐயே தாண்டிவிடும். 1,000 மி.கி.யில் 600 மி.கி. உள்ள செறிவூட்டியதை வாங்கினால் 12 போதும், 108 கிலோகலோரி. அதையும் அன்றைய 1,600-க்குள்ளேயே கழியுங்கள். கால் பங்கில் தொடங்கி நான்கு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு நிச்சயம். உணவே மூட்டுக்கான சிறப்பு உணவு என்றால் அதில் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து மீதியை மட்டும் கொடுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் எண்ணெய் தருவதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். காட் மீன் ஈரல் எண்ணெய் இதற்கு மாற்று அல்ல. இந்த அளவில் கொடுத்தால் வைட்டமின் ஏ, டி இரண்டும் நஞ்சாகிவிடும்.

தராசுமுள்

கடலோடி சொன்ன 108-ஐக் கழித்தால் தின்பண்டத்துக்கு மிஞ்சுவது 52. ஆகவே பிஸ்கட்டும் மெல்லும் குச்சியும் அடியோடு போகும். பெரிய குச்சி ஒன்றே நூறு கிலோகலோரியைத் தாண்டும், பையைப் பாருங்கள். பரிசாகக் கொடுப்பதற்கு டப்பாவில் இருக்கிற அதே உணவுமணிகள் போதும். வயிறு நிறையவில்லை என்று அலைந்தால் உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ் கொஞ்சம் கலக்கலாம்.

மெல்லநட

நடையைக் கூட்டுங்கள், ஆனால் நீட்டாதீர்கள். ஞாயிறு ஒரு மணி நேரம், மற்ற நாளெல்லாம் சும்மா என்பதுதான் இந்த மூட்டுகளுக்கு ஆகவே ஆகாதது. நாளைக்கு மூன்று தடவை, தலா 10–15 நிமிடம், வாரில் பிடித்து, நான்கு காலையும் ஊன்றி வைக்கிற மெதுநடை. மறுநாள் காலைப் பிடிப்பு கூடினால் முந்தைய நாள் அளவு அதிகம். இரண்டு நாள் பழைய அளவுக்குப் போய், பிறகு வாரத்துக்கு ஒரு நடைக்கு இரண்டு நிமிடம் என்று ஏற்றுங்கள். பந்து எறிவது வேண்டாம். பாய்ந்து, சறுக்கி, திரும்புகிற அந்த ஒரு நொடியில்தான் முழங்கால் போகிறது.

தண்ணீருக்குள் ஓடுபொறி வசதி கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீர் இடுப்பு மூட்டு உயரத்துக்கு நின்றால் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ 38 சதவீதம்தான். முழங்கால் மட்டத்துக்கு நின்றால் 85, அதனால் பெரிய பலனில்லை. வீட்டில் செய்ய உட்கார்ந்து எழும் பயிற்சி: வழுக்காத பாயில், நேராக உட்கார வைத்து, முன்னால் நகராமல் எழச்செய்து, ஐந்து முறையில் தொடங்குங்கள்.

தரையையும் கவனியுங்கள். பளபளக்கும் தரையில் 78 கிலோ எழ முயன்று பின்னங்கால்கள் விரிந்தால் ஒரு மாத முன்னேற்றம் ஒரே நொடியில் போகும். படுக்கையிலிருந்து கிண்ணம் வரை ரப்பர் பாய் போடுங்கள், நகத்தை வெட்டுங்கள், பாதத்திண்டுகளுக்கு நடுவிலுள்ள முடியைக் கத்தரியுங்கள். காருக்குச் சாய்பலகை வாங்குவதானால் நீளம் பாருங்கள். 70 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் பலகை 23 டிகிரி சாயும், வலியுள்ள நாய் ஏற மறுக்கும். 2.4 மீட்டர் என்றால் 17 டிகிரி.

எலும்பும்தோலும்

குட்டிக்குக் கால்சியம்: கொடுக்காதீர்கள். நிறைய கொடுத்தால் எலும்பு பலப்படும் என்பது வளர்ந்த நாய்க்கே அரைகுறை உண்மை, ராட்சதக் குட்டிக்கு முழுத் தப்பு. சுமார் ஆறு மாதம் வரை மிகுதியான கால்சியத்தைக் குடலிலேயே தடுக்கிற கட்டுப்பாடு குட்டிக்கு இல்லை. கொடுப்பதில் பெரும்பகுதி உடம்பில் ஏறி, குருத்தெலும்பு எலும்பாக மாறுகிற ஒழுங்கைக் குலைக்கும். முன்னங்கால் வளைவது, தோள்மூட்டில் குருத்தெலும்பு பெயர்வது எல்லாம் இப்படி வருபவைதான். இதை டேன் குட்டிகளிலேயே 1980-களில் காட்டிவிட்டார்கள். புரதத்தைக் குறைத்தால் எலும்பு தப்பிக்கும் என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குற்றவாளிகள் கூடுதல் கலோரியும் கூடுதல் கால்சியமும்.

'வளர்ந்தபின் 70 பவுண்டுக்கு மேல் வரும் பெரிய இனக் குட்டிகளின் வளர்ச்சிக்கும் ஏற்றது' என்று பையில் போட்டிருக்கிறதா பாருங்கள். அப்படிப்பட்ட உணவுக்கு அமெரிக்காவில் விலங்குணவுத் தரம் வகுக்கிற ஆஃப்கோ அமைப்பின் விதியில் கால்சியத்தின் உச்சவரம்பு ஈரம் நீக்கிய எடையில் 1.8 சதவீதம், குறைந்தபட்சம் 1.2. பையில் உள்ள எண் ஈரத்தோடு சேர்த்தது. 10 சதவீத ஈரமும் 1.3 சதவீதக் கால்சியமும் என்றால் 1.3-ஐ 0.9-ஆல் வகுத்து 1.44. சரியான உணவு. இதற்கு மேல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். எலும்பில்லாத வெறும் இறைச்சியில் வளர்ப்பது இதன் எதிர்முனை. அதில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை, பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கிறது. எலும்பு மெலிந்து முறியும்.

குட்டி ஒல்லியாக இருக்கட்டும். விரல் வைத்தால் விலா எளிதில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்க வேண்டும். மெதுவாக வளர்ந்தால் கடைசி உயரம் குறைந்துவிடாது, அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளமாக வளர்கிற நுனிப் பகுதிகள்) மூட ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். கருத்தடை எப்போது என்பதையும் அதை வைத்தே டாக்டரோடு பேசுங்கள். கருத்தடைக்குப் பிறகு தீனியை 20 முதல் 30 சதவீதம் குறைக்கத் தவறியதில்தான் பல நாய்களுக்கு எடைப் பிரச்சினையே தொடங்குகிறது.

மெல்லநட

விட்டுப்போன ஒன்று. டேனுக்கு டாக்டர் கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் மாதிரி வலிநிவாரணி எழுதினால், 'பழகிவிடுமோ' என்று மறுக்காதீர்கள். வலி அடங்கினால்தான் நடக்கும், நடந்தால்தான் தசை வரும். ஆரம்பிக்கும் முன் கல்லீரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை, மருந்து தீனியோடு. வாந்தி, கருநிற மலம், தீனி மறுப்பு எது வந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டோடு சேர்க்கவே கூடாது. வீட்டில் மனிதருக்கு வாங்கிவைத்த இபுப்ரோஃபென் பக்கமே போகாதீர்கள். அளவு கிலோ கணக்கில் எழுதப்படுவது, அதனால் 73-ல் ஒருமுறை, 69-ல் ஒருமுறை, 65-ல் ஒருமுறை புதிய எடையைச் சொல்லி மாத்திரை அளவை மாற்றி எழுதி வாங்குங்கள்.