பக்கவாதத்துக்குப் பிறகு நடை: அதிர்வு மேடைப் பயிற்சி கடலூர் பக்கம் எங்கே?

வணக்கம். கடலூர் முதுநகரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது. ஒன்பது மாதம் முன்பு மூளை ரத்தக்குழாயில் அடைப்பு வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு தெளிவாக இருக்கிறது. வாக்கர் பிடித்து வீட்டுக்குள் இருபது அடி நடப்பார். ஆனால் திரும்பும்போது இடது பக்கம் சாய்கிறார். பாதம் தரையில் இழுபடுகிறது, முழங்கால் பின்பக்கம் வெட்டுகிறது. பொங்கலுக்குப் பிறகு இரண்டு முறை விழுந்துவிட்டார். இப்போது எழுந்து நிற்கவே பயப்படுகிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாரம் ஐந்து நாள் பிசியோதெரபி, பாதத்துக்கு ஸ்பிளின்ட், மின்தூண்டல், கண்ணாடி முன் நின்று இடது காலில் எடை போடுவது எல்லாம் செய்தாயிற்று. நிற்பது, திரும்புவது எல்லாம் பார்த்துப் போடும் பெர்க் சமநிலை மதிப்பெண் மூன்று மாதமாக 56க்கு 34லேயே நிற்கிறது.

அதிர்வு மேடையில், அதாவது ஏறி நின்றால் காலுக்கடியில் அதிரும் மெஷினில், முழங்காலை லேசாக மடக்கி நின்றால், தசை அனிச்சையாக இறுகி வேலை செய்யும் என்கிறார்கள். ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை, வழக்கமான பயிற்சிக்கு இது மாற்றும் இல்லை, தெரிந்துதான் கேட்கிறேன். அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இல்லை. காலில் ரத்தக்கட்டு இல்லை என்று ஸ்கேனில் பார்த்துவிட்டோம். ஆள் பக்கத்தில் இருந்தால் செய்து பார்க்கலாம் என்றார் நரம்பியல் மருத்துவர். உடல் இளைக்க விற்கும் அதிர்வு மெஷினை வாங்கி வீட்டில் நிறுத்த மனமில்லை.

கடலூரிலோ புதுச்சேரியிலோ பக்கவாத நோயாளிகளுக்கு, அதிர்வின் வேகத்தை அளந்து வைத்து, பிசியோதெரபிஸ்ட் கூடவே நின்று இந்தப் பயிற்சி கொடுக்கும் இடம் எது?