மெசின் ஏற்றினால் பெட்டி வாலாட்டுது, பரந்தன் வரை கொண்டுபோக உதவி வேணும்

படுவான்கரையான்:
வணக்கம். கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்து எழுதுறன். எங்கட மெஸி 240 உழவு மெசினை (ட்ரக்டரை) பரந்தனில இருக்கிற அத்தானுக்குக் குடுக்கப் பேசியாச்சு. மாரி விதைப்புக்கு முதல் மெசின் அங்க நிக்க வேணும். ஓட்டிக்கொண்டு போகலாம்தான், ஆனா ஏறத்தாழ 300 கிலோமீற்றர். மெசின் ஓடுற வேகத்துக்கு ஒரு பகல் காணாது, வயல் டயரின்ட கட்டையும் தார் ரோட்டில தேய்ஞ்சிடும். லோ பெட்டுக்கு (மெசின் ஏத்துற தாழ்ந்த தட்டு லொறிக்கு) விசாரிச்சன், கேட்கிற காசு எங்களுக்குக் கட்டாது.

எங்களிட்ட கன்டர் லொறி ஒண்டும், அதுக்குப் பின்னால கொழுவி இழுக்கிற, பழசா வாங்கின பலகைப் பெட்டி (ட்ரெயிலர்) ஒண்டும் இருக்கு. பெட்டி 14 அடி நீளம், நடுவில கிட்டக்கிட்ட ரெண்டு அச்சு, நாலு சில்லு. மெசினை அதின்ட பின்னால பூட்டுற, மண் கிளறுற ரொட்டவேற்றரோட ஏற்றி வவுணதீவு வரை ஓடிப் பார்த்தம். வேகம் 40ஐத் தாண்டினதும் பெட்டி இடமும் வலமுமா ஆடத் தொடங்குது, ஸ்டியரிங்கிலயே தெரியுது. இறங்கிப் பார்த்தா இடப்பக்கப் பின் ஹப்பில கை வைக்க ஏலாத சூடு. பிரேக் மிதிச்சா பின் லைற்றும் மங்குது. இந்த நிலையில தூரப் பயணம் கிளம்ப எனக்கு மனம் இல்லை. எதில இருந்து தொடங்கிறது?

செங்கலடி கராஜ்:
தம்பி, கிளம்பாமல் கேட்டது நல்லது. முதல் சில விசயம் சொல்லுங்க. மெசினின்ட மூக்கு எந்தப் பக்கம் பார்த்து நிண்டது? ரொட்டவேற்றர் லிப்டில தொங்கினதா? பாரத்துக்கு மெசின் பின் டயருக்குள்ள தண்ணி விட்டிருக்கா? பெட்டிக்குச் சொந்தமா பிரேக் இருக்கா?

லைற் விசயம் சின்னது. பிரேக் மிதிக்க மங்கினா ஏர்த் சரியில்லை. பெட்டிச் சட்டத்தில துருவைச் சுரண்டி ஏர்த் கம்பியைப் புதுசா பூட்டுங்க, லொறிக்கும் பெட்டிக்கும் நடுவில தனிக் கம்பி ஒண்டு இழுங்க. கொழுக்கி வழியா ஏர்த் வரும் எண்டு விடக்கூடாது.

படுவான்கரையான்:
மூக்கு லொறியைப் பார்த்து, முன் பலகையில முட்டுற மாதிரி நிறுத்தினம். ரொட்டவேற்றர் பின்னால தொங்கினது. டயரில தண்ணி இல்லை. பெட்டியில பிரேக் டிரம் இருக்கு, கொழுக்கி பின்னுக்குத் தள்ளுப்பட்டா பிடிக்கிற வகை. ஆனா முதல் வைச்சிருந்தவர் அந்தக் கம்பியைக் கழட்டிப்போட்டார்.

வந்தாறுமூலை வயல்:
நாங்க ஆட்டம் வந்தா பெட்டியின்ட வால்ப்பக்கம் மண் மூட்டை போடுவம். பாரம் கூடினா பெட்டி அடங்கும். அதையும் பாருங்க.

சம்மாந்துறை லொறி:
அந்த வேலை மட்டும் செய்ய வேணாம் தம்பி, கும்பிட்டுச் சொல்லுறன். வாலில பாரம் கூடினா ஆட்டமும் கூடும். நான் நெல்லும் மெசினும் ஏத்தி வருசக்கணக்கா ஓடுறவன், இதைக் கண்ணால கண்டிரிக்கன்.

நடுவில அச்சு உள்ள பெட்டி தராசு மாதிரி. அச்சுக்கு முன்னால பாரம் கூட நிண்டா கொழுக்கியை அமத்தும், பெட்டி லொறிக்குப் பின்னால நேராக வரும். பின்னால கூடினா கொழுக்கியை மேல தூக்கும், லொறியின்ட பின் சில்லு லேசாகும், மறுகா பெட்டிதான் லொறியை ஓட்டும். மொத்த எடையில 10 முதல் 15 வீதம் கொழுக்கியில இரிக்க வேணும். அதுக்கு மேல போனாலும் ஆகாது, லொறியின்ட பின் குந்தி முன் சில்லு லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது.

மெசினின்ட பாரம் பாதிக்கு மேல பின் சில்லிலதான். அதுக்கும் பின்னால ரொட்டவேற்றரைத் தொங்க விட்டா வேற என்ன நடக்கும்? அதைக் கழட்டிக் கன்டரின்ட தட்டில ஏத்துங்க. பெட்டியில பாரம் குறையும், இழுக்கிற லொறிக்குப் பாரம் கூடும், ரெண்டும் நல்லது.

கண்மதிப்பு வேணாம். நெல் ஆலையில லொறி நிறுக்கிற தராசு இரிக்கும். மெசினோட பெட்டியை மட்டும் கழட்டித் தராசில முழுசா நிறுத்தி ஒருக்கா நிறுங்க. மறுகா முன் ஜக் தராசுக்கு வெளிய நிலத்தில நிக்க, சில்லு நாலும் மட்டும் தராசில இரிக்கிற மாதிரி வைச்சு நிறுங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொழுக்கிப் பாரம்.

படுவான்கரையான்:
காக்கா, நிறுத்துப் பார்த்தாச்சு. ரொட்டவேற்றரோட மொத்தம் 3,180 கிலோ, சில்லில மட்டும் 3,040. கொழுக்கியில 140தான், அஞ்சு வீதமும் இல்லை. ரொட்டவேற்றரைக் கழட்டின பிறகு மொத்தம் 2,760, சில்லில 2,460. இப்ப கொழுக்கியில 300. ஏறத்தாழ 11 வீதம் வருது. மெசினை அரை அடி கூட அசைக்கேல்லை.

சம்மாந்துறை லொறி:
அல்ஹம்துலில்லாஹ். மெசினின்ட சில்லு நிக்கிற இடத்தைப் பலகையில பெயின்ற்றால கோடு போட்டு வையுங்க, ஏத்துற நாளில அதே இடத்தில நிக்க வேணும்.

செங்கலடி கராஜ்:
இனி ஹப். சூட்டுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம்: பெயாரிங் போனது, அல்லது பிரேக் சூ டிரம்மில ஒட்டி இழுபடுறது. சில்லை ஜக்கில தூக்கிக் கையால சுத்துங்க. இறுக்கமாச் சுத்தினா சூ. சுத்தும்போது கரகரவெண்டு கேட்டா பெயாரிங். மேலையும் கீழையும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, விளையாட்டுக் கூட இருந்தாலும் பெயாரிங்தான். எதுவா இருந்தாலும் நாலு ஹப்பையும் கழட்ட வேணும், சூடான ஒண்டை மட்டும் பார்த்துப்போட்டு 300 கிலோமீற்றர் போகேலாது. வயல் தண்ணிக்குள்ள இறங்கின பெட்டி எண்டா ஒயில் சீல் வழியா தண்ணி போய்க் கிறீஸ் பால் நிறத்தில இருக்கும். அப்பிடிக் கண்டா கழுவித் துடைச்சு, சீலை மாத்தி, புதுக் கிறீஸை விரலால பெயாரிங்குக்குள்ள அமத்தி ஏத்துங்க. நட்டைச் சில்லு சுத்தச் சுத்த இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, நட்டு கழராமல் பூட்டுற ஊசியைப் போடுங்க. இறுக்கி விட்டபடி போட்டா அதுவே சூடாக்கும்.

பிரேக் இல்லாமல் இந்தப் பாரத்தை நான் அனுப்ப மாட்டன். வெறும் கன்டரை விடப் பெட்டி பாரம். லொறி பிரேக் பிடிக்க, பெட்டி பின்னால இருந்து தள்ளும், ஈர ரோட்டில லொறியை மடிச்சுப்போடும். டிரம் இருக்குத்தானே, கம்பியும் கேபிளும் புதுசா போட்டு, நாலு சில்லும் ஒரே அளவில பிடிக்குதா எண்டு பார்த்துத்தான் ரோட்டில ஏற்ற வேணும். செய்யேலாது எண்டா லோ பெட்டுக்குக் காசைக் குடுங்க.

டயரையும் பாருங்க. பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும், 2319 எண்டா 2019இன் 23ஆவது வாரம் செய்தது. பழசாகி வெடிப்பு ஓடினதெண்டா கட்டை இருந்தாலும் எடுக்காதீங்க. அளவுக்குப் பக்கத்தில உள்ள பாரக் குறியீடு 100 எண்டா டயர் ஒண்டு 800 கிலோ தாங்கும். கார் டயர் கனக்க 88 எண்டு இருக்கும், அது 560 கிலோதான். உங்களுக்குச் சில்லுக்கு 615 வருது.

படுவான்கரையான்:
சொன்ன மாதிரியே கிறீஸ் பால் நிறம். இடப்பக்க உள் பெயாரிங்கில குழி விழுந்திருந்தது. நாலுக்கும் பெயாரிங், சீல் மாத்தியாச்சு. பிரேக் கேபிள் போட்டு, சூவும் சரிபார்த்தாச்சு. டயரில ரெண்டு 88தான். நாலையும் லொறி டயரா மாத்துறம். இனிக் கட்டுற விசயம். நைலோன் கயிறு போதும் எண்டு கனபேர் சொல்லுறாங்க.

வீரமுனைத் தொழில்நுட்பம்:
கயிறு வேண்டாம். காரணத்தைக் கணக்காகச் சொல்கிறேன். ஐரோப்பியத் தரத்தின்படி, கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது சரக்கு தன் எடையின் 80 வீத விசையோடு முன்னால் தள்ளும் என்றும், பக்கங்களுக்கும் பின்னுக்கும் 50 வீதம் என்றும் எடுத்துத்தான் கட்ட வேண்டும். உங்கள் மெசின் 1,900 கிலோ என்றால் முன்னால் மட்டும் 1,500 கிலோவுக்கு மேல். நைலோன் கயிறு இழுபடும், நனைந்தால் இன்னும் நீளும், பலகை விளிம்பில் அரைபட்டு அறும்.

நான்கு மூலைக்கும் தனித்தனிச் சங்கிலி, ஒவ்வொன்றுக்கும் இறுக்கி. ஒரே சங்கிலியை நாலு பக்கமும் சுற்றினால் ஓரிடம் அறும்போது எல்லாம் கழன்றுவிடும். சங்கிலியின் கண்ணியில் தர எண் அடித்திருக்க வேண்டும், எண் இல்லாத சங்கிலி மாடு கட்டத்தான். 70 தரத்தில் 5/16 அங்குலச் சங்கிலி ஒன்று 2,100 கிலோ வரை வேலைப் பாரம் தாங்கும், அது போதும். சங்கிலிக்குப் பதிலாக இறுக்கிக் கட்டும் பட்டி வாங்குவதென்றால் கடைக்காரர் சொல்லும் 5 தொன்னை நம்பாமல் லேபலைப் படியுங்கள். 50 மில்லிமீற்றர்ப் பட்டியில் 5 தொன் என்பது பெரும்பாலும் அறும் பாரம், அல்லது சுற்றிக் கட்டும்போது வரும் அளவு. நேராக இழுத்தால் 2,500 கிலோ அளவுதான்.

எங்கே கொழுவுவது என்பதில் கவனம். பின்னால் அச்சு வீட்டில், முன்னால் முன் அச்சுத் தாங்கியில். ஸ்டியரிங் கம்பி, லிப்ட் கை, பம்பர் இவற்றில் கொழுவக் கூடாது. முன்சங்கிலி முன்னோக்கியும் பின்சங்கிலி பின்னோக்கியும் 45 பாகைக்கு மேல் நிமிராமல் விரிந்து போகட்டும். செங்குத்தாக இழுத்தால் கீழே அமத்தும், முன்பின் ஓடுவதைத் தடுக்காது. மெசினைக் குறைந்த கியரில் விட்டுக் கைப்பிரேக் பூட்டி, சில்லுகளுக்கு மரக்கட்டை வைத்து அதைப் பலகையோடு ஆணி அறையுங்கள்.

மகிழடித்தீவுக் கிழவன்:
மகன், எல்லாரும் ஓடுறதைச் சொல்லுறாங்க, ஏத்துறதில செத்தவனும் இருக்கான். பெட்டி வாலில மெசின் ஏறும்போது வால் அமந்து முன் கொழுக்கி மேல எழும்பும், லொறியின்ட பின் சில்லையும் தூக்கும். லொறி கைப்பிரேக் அந்தச் சில்லிலதானே பிடிக்குது, வண்டி நழுவும். அதனால வாலுக்குக் கீழ ரெண்டு பக்கமும் தடி மரத்தில முண்டு குடு, லொறிச் சில்லுக்கும் கட்டை வை.

ஏறு பலகை குட்டையா இருந்தா மெசின் முன் சில்லைத் தூக்கிப் பின்னால புரளும். பெட்டி உசரம் இரண்டரை அடி எண்டா பலகை பத்தடி வேணும். நம்மட பக்கம் அதுக்கு வாய்க்கால் கட்டு இருக்கே, பெட்டியைப் பள்ளத்தில விட்டு மேட்டில இருந்து ஏத்து, பாதி உசரம் குறைஞ்சிடும். ஆகக் குறைஞ்ச கியர், கிளச்சை மெதுவா விடு, நடுவில கியர் மாத்தாத. பக்கத்தில ஆரும் நிக்க விடாத. கூரையைக் கழட்டி லொறியில போடு. காத்துக்குள்ள அது எழும்பும், உள் ரோட்டில கரண்டுக் கம்பியும் தாழத்தான் கிடக்கு.

தம்பிலுவில் அக்கா:
இடையில கேட்கிறதுக்கு மன்னியுங்க. எங்கட மெசினுக்கு டர்போ இருக்கு. ஏற்றிப் போகும்போது சைலன்சர் வாயை மூட வேணும் எண்டு சொல்லுறது உண்மையா?

செங்கலடி கராஜ்:
உண்மை அக்கா. எஞ்சின் நிண்டிருக்க, காத்து சைலன்சர் வாயால போய் டர்போவைச் சுத்த வைக்கும், அந்த நேரம் அதுக்கு ஒயில் வராது. துணி வைச்சு இறுக்கிக் கட்டி, ஸ்டார்ட் பண்ண முதல் கழட்ட மறக்காம ஸ்டியரிங்கில ஒரு துண்டும் கட்டி விடுங்க. மெஸி 240க்கு டர்போ இல்லை, ஆனா மழைத்தண்ணி உள்ள போகாம அதுக்கும் மூடத்தான் வேணும். பற்றரி வயரையும் கழட்டுங்க.

படுவான்கரையான்:
எல்லாம் செய்து, ரொட்டவேற்றரை லொறியில கட்டி, திரும்ப ஓடிப் பார்த்தம். 50இல ஒரு ஆட்டமும் இல்லை. ஹப் நாலும் இளஞ்சூடுதான். இனிப் பாதை. காக்கா, எப்பிடிப் போறது நல்லம்?

சம்மாந்துறை லொறி:
டவுனுக்குள்ள போகாம ஆயித்தியமலை, கரடியனாறு, செங்கலடி எண்டு ஏறுங்க. ஆயித்தியமலையில முதல் நிப்பாட்டு. டயர் அமந்து சங்கிலி கட்டாயம் தளரும், எல்லாத்தையும் திரும்ப இறுக்குங்க. சில்லு நட்டும் ஒருக்கா. மறுகா வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, மதவாச்சி, வவுனியா எண்டு நிக்கிற இடமெல்லாம் ஹப்பில கை வைச்சுப் பாருங்க.

இரவில வேணாம். வெலிக்கந்தை, மன்னம்பிட்டிப் பக்கமும் மின்னேரியா, ஹபரணைப் பக்கமும் ஆனை ரோட்டுக்கு வரும், உங்கட பாரத்தோட திடீரெண்டு நிப்பாட்டேலாது. விடிய வெளிக்கிட்டா பொழுதோட பரந்தன். அறுவடை நேரமெண்டா ரோட்டில பாதியை மறிச்சு நெல் காயும், எதிர் வாகனம் உங்கட பக்கம் வரும், வேகத்தைக் குறைங்க. எப்பவாவது ஆட்டம் வந்தா பிரேக் அடிக்காதீங்க, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீங்க. நேராப் பிடிச்சு அக்சிலேற்றரை மட்டும் விடுங்க, தானா அடங்கும். பெட்டிக்கும் வருமான அனுமதிப் பத்திரம், காப்புறுதி, பின் இலக்கத் தகடு எல்லாம் வேணும். ஓடுற ஆளின்ட அனுமதிப்பத்திரத்தில பெட்டி இழுக்கிற வகுப்பும் இரிக்கா பாருங்க.

படுவான்கரையான்:
நன்றி காக்கா, நன்றி எல்லாருக்கும். பரந்தனில இறக்கும்போது பின்பக்கமா றிவர்ஸில இறக்கிறது சரிதானே? அங்க மேடு பள்ளம் ஒண்டும் இல்லை, சமதரை.

மகிழடித்தீவுக் கிழவன்:
சரிதான் மகன். சமதரை எண்டா பத்தடிப் பலகையையும் முண்டு மரத்தையும் கையோட கொண்டு போ. முண்டு வைச்சு முடிச்ச பிறகுதான் சங்கிலியைக் கழட்டு, முன்சங்கிலியைக் கடைசியா. குறைஞ்ச றிவர்ஸ் கியரில எஞ்சினே பிடிச்சு இறக்கட்டும். பலகையில நிக்கேக்க கிளச்சை மிதிக்காத, பிரேக்கையும் அடிக்காத, அடிச்சா முன் சில்லு எழும்பும். அத்தானைத் தூர நிண்டு கை காட்டச் சொல்லு, பலகைக்கு நேரா இல்லாம பக்கத்தில.