அக்ரியோக்னெமிஸ்: தமிழில் எப்படி அழைப்பது?

வணக்கம் ஐயா,

அக்ரியோக்னெமிஸ் என்ற மிகச்சிறிய ஊசித்தட்டான் பேரினத்துக்கு நீங்கள் பரிந்துரைத்த 'குட்டி ஊசித்தட்டான்' என்ற பெயரில் எனக்கு ஒரு நெருடல். குட்டி என்றால் இனிமேல் வளரும் என்று பொருள்படும். தோலுரித்து இறக்கையோடு வெளிவந்த தட்டான் அதற்குமேல் வளராது. இந்தப் பேரினத்தில் பின்னிறக்கை ஒரு சென்டிமீட்டர் அளவோடு சரி.

ஆங்கிலப் பெயரைப் பின்பற்றவும் வழியில்லை. இந்தியப் பட்டியல்களில் 'டார்ட்லெட்' என்பது இதற்கும் உண்டு, இஸ்க்னூரா என்ற வேறொரு ஊசித்தட்டான் பேரினத்துக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவிலோ 'விஸ்ப்' என்கிறார்கள். 1877-இல் பூச்சியியலாளர் செலிஸ் வைத்த கிரேக்கப் பெயரைப் பிரித்தால் கால்கவசம் வந்து நிற்கிறது. யாருக்கு என்ன விளங்கும்?

நிறத்தை நம்பினால் இன்னும் மோசம். இந்தப் பேரினத்தின் இனங்களில் பிக்மேயா ஆணுக்கு வால்நுனி செங்கல் சிவப்பு. பியெரிஸ் ஆணுக்கு அதே இடம் வெளிறிக் கிடக்கும். பிக்மேயா பெண் இளமையில் சிவப்பாக இருந்து, முதிர முதிரப் பச்சைக்கு மாறுகிறது. 'செவ்வால்' என்று வைத்தால் பாதி இனம் வெளியே நிற்கும்.

ஆகவே அளவையே பிடித்துக்கொள்ளலாம். 'பொடியூசி' எப்படி?

—

நண்பரே,

குட்டி வேண்டாம், சரி. ஆனால் பொடியிலும் சிக்கல் இருக்கிறது. இதே பேரினத்து ஃபெமினா இனத்தில் ஆண் முதிர்ந்ததும் மார்பின்மேல் மாவு தூவியதுபோல் வெள்ளை படர்கிறதே, அதைப் பொடி என்றுதான் எழுதிவருகிறோம். அப்புறம் விளக்கக் குறிப்பில் 'பொடி படர்ந்த பொடியூசி' என்று எழுத நேரும்!

'இம்மி' என்று பாருங்கள். பழைய அளவைச் சொல், இன்றும் வாயில் புழங்குகிறது. 'இம்மித்தட்டான்' எனலாமா?

—

ஐயா,

இம்மி அருமை. 'இம்மியளவும் இல்லை' என்று மறுப்பில்தான் வரும் சொல் என்று யாராவது ஆட்சேபிக்கலாம். எனக்கு அது தடையாகத் தெரியவில்லை. 'தட்டான்' மட்டும் இடிக்கிறது. வெறும் தட்டான் என்றதும், உட்காரும்போதும் இறக்கையை விரித்தே வைத்திருக்கும் பெரிய வகைதான் பலருக்கு நினைவுக்கு வரும். இதுவோ இறக்கையை முதுகின்மேல் மடக்கிக்கொண்டு புல்லிதழில் ஒட்டியிருக்கும். ஊசியை விடாமல் 'இம்மியூசி' என்று வைப்போம்.

பியெரிஸை 'வெள்ளை இம்மியூசி' எனலாம். பிக்மேயாவையும் ஃபெமினாவையும் நிறத்தை வைத்துப் பிரிக்க வேண்டாம். இளம் ஆண்கள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் வால்நுனியில் மேலொரு இணை, கீழொரு இணையாக உள்ள கொளுக்கிகளை லென்ஸில் பார்க்க வேண்டும். பிக்மேயாவுக்கு மேல் இணை நீளம், ஃபெமினாவுக்குக் கீழ் இணை நீளம். ஃபெமினாவுக்குப் 'பொடி இம்மியூசி' பொருந்தும், நீங்கள் காத்துவைத்த பொடி அங்கே பயன்படட்டும். பிக்மேயாவுக்கு மட்டும் இன்னும் ஒன்றும் தோன்றவில்லை.