பள்ளிக்கு யார் போன் செய்தாலும் நம் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுவார்களா?

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் வந்த முதல் ஆண்டு, பனி கொட்டிய ஒரு நாள். என் போனில் சார்ஜ் இல்லை. பதறிப்போன என் கொழுந்தனார் பள்ளிக்கே போன் செய்து, மகள் கிளம்பிவிட்டாளா என்று கேட்டிருக்கிறார். எந்த மாணவரைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது என்றுவிட்டார்கள். "சொந்தச் சித்தப்பா என்று சொல்லியும் நம்பவில்லை அண்ணி" என்று அவருக்குக் கோபம். எனக்கும் அன்று வருத்தம்தான். ராத்திரி படுத்தபோதுதான் உறைத்தது: போனில் யார் வேண்டுமானாலும் தன்னைச் சித்தப்பா என்று சொல்லிக்கொள்ளலாமே!

இதற்குப் பின்னால் இருப்பது 1974-இல் வந்த ஃபெர்பா என்ற சட்டம். மத்தியக் கல்வித் துறையின் நிதி பெறும் பள்ளிகள் அனைத்துக்கும் பொருந்தும்; அரசுப் பள்ளிகள் அதில் வந்துவிடும். மதிப்பெண், வருகைப்பதிவு, ஒழுங்கு நடவடிக்கை போன்ற பதிவுகளைப் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பொதுவாக வெளியே தரக்கூடாது. உயிருக்கு ஆபத்தான அவசரம், நீதிமன்ற உத்தரவு, பிள்ளை வேறு பள்ளிக்கு மாறுவது மாதிரி சில விலக்குகள் உண்டு.

ஆனால் நம்மில் பலர் கவனிக்காத ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பெயர், முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி, புகைப்படம் போன்றவற்றை 'டைரக்டரி இன்ஃபர்மேஷன்' என்று பள்ளி வகைப்படுத்திக்கொள்ளலாம். அப்படி வகைப்படுத்திவிட்டால், நம்மைத் தனியாகக் கேட்காமலே வெளியாருக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. முன்கூட்டியே அறிவித்து, வேண்டாம் என்று சொல்ல நமக்கு அவகாசம் தர வேண்டும், அவ்வளவுதான். அந்த அறிவிப்பு கல்வியாண்டுத் தொடக்கத்தில் வரும் காகிதக் கட்டுக்குள்ளோ மின்னஞ்சலிலோ ஒரு பத்தியாக ஒளிந்திருக்கும். முதல் வருடம் நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மொத்தமாக மறுத்தால் ஆண்டு மலரில் பிள்ளையின் படம் வராமல் போகலாம். அதனால் முகவரியையும் போன் எண்ணையும் மட்டும் மறுக்க முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். உயர்நிலைப் பள்ளியில் ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர்களும் இந்த விவரங்களைக் கேட்டு வாங்கலாம். அதையும் எழுதிக்கொடுத்து மறுக்கலாம்.

அப்புறம், நம் பெயர் விவகாரம். மகளின் கடைசிப் பெயர் அவள் அப்பா பெயர். என் கடைசிப் பெயர் என் அப்பா பெயர். நானே போன் செய்தபோதும் "நீங்கள் யார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் வேலையைத்தான் செய்கிறார்கள். பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே உங்கள் பெயரைப் பதியச் சொல்லி, பிறப்புச் சான்றிதழ் நகலையும் கொடுத்துவையுங்கள்.

எமர்ஜென்சி காண்டாக்ட் படிவத்தில் பக்கத்தில் இருக்கும் நம்பிக்கையான இரண்டு பேரையாவது எழுதுங்கள். பிள்ளையை அழைத்துச் செல்ல யாருக்கு அனுமதி என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கணவரைப் பிரிந்து வாழும் சகோதரிகளுக்கு ஒன்று. தடுக்கும் நீதிமன்ற உத்தரவு இல்லாதவரை, பதிவுகளைப் பார்க்கத் தாய் தந்தை இருவருக்கும் உரிமை உண்டு. பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருந்தால், அது வீட்டு அலமாரியில் இருந்து பயனில்லை. நகலை உடனே பள்ளியில் சேர்த்துவிடுங்கள்.

பிள்ளைக்கு 18 வயதானாலோ கல்லூரியில் சேர்ந்தாலோ இந்த உரிமை அவர்கள் கைக்குப் போய்விடும். ஃபீஸ் கட்டுவது நாமாக இருந்தாலும், மதிப்பெண் கேட்டால் கல்லூரி மறுக்கலாம். வரிக் கணக்கில் பிள்ளை நம்மைச் சார்ந்திருப்பவர் என்று காட்டியிருந்தால் கல்லூரி விரும்பினால் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. சேரும்போதே பிள்ளையிடம் பேசி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் சிக்கல் இல்லை.

என் கொழுந்தனார் பெயரை மறுநாளே பள்ளிப் படிவத்தில் சேர்த்தேன். அதன்பின் ஒருமுறை அவர்தான் போய் மகளை அழைத்து வந்தார், அடையாள அட்டையைக் காட்டி.