மேல் ட்ரபீசியஸில் டிரை நீட்லிங்: ஊசி நீளம், கோணம், மறுநாள் வலி

கேள்வி (புதுஊசி)

கழுத்திலிருந்து தோளுக்கு வரும் மேல் ட்ரபீசியஸ் தசையின் ட்ரிகர் பாயிண்ட்டுக்கு (அழுத்தினால் வலி பரவும் இறுகிய இடம்) இப்போது மேற்பார்வையில் டிரை நீட்லிங், அதாவது மருந்து ஏற்றாத மெல்லிய ஊசி, போடத் தொடங்கியிருக்கிறேன். சீனியர்கள் யாராவது தெளிவுபடுத்துங்கள். 0.30 மி.மீ. தடிமனில் 40 மி.மீ. நீள ஊசி எடுப்பதா, 25 மி.மீ. போதுமா? நீளம் குறைந்தால் நுரையீரலுக்கு ஆபத்து இல்லை என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது சரியா? ஊசி பட்டதும் தசை துடிக்கவில்லை என்றால் எத்தனை தடவை குத்தி எடுக்கலாம்? ஊசி உள்ளே சிக்கிக்கொண்டால் என்ன செய்வது?

பதில் (குப்புறப்படு)

நீளத்தை நம்பிப் பாதுகாப்பைத் தீர்மானிக்காதீர்கள். நுரையீரலின் உச்சி காறை எலும்பின் உள்பக்க மூன்றில் ஒரு பகுதிக்கு மேலே 2–3 செ.மீ. வரை ஏறி நிற்கிறது. ஒல்லியான உடம்பில் தவறான கோணத்தில் போனால் நுரையீரலைத் தொட 25 மி.மீ. ஊசியே தாராளமாகப் போதும். காப்பாற்றுவது பிடிதான்.

நோயாளியைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்க வையுங்கள். உட்கார வைத்துப் போட்டால் மயங்கிச் சரியும்போது ஊசியோடு சரிவார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் கொண்டு தசையைக் கவ்வி, நெஞ்சுக்கூட்டிலிருந்து விலக்கித் தூக்குங்கள். இறுகிய பட்டை விரல்களுக்கு நடுவே உருள வேண்டும். அதை அழுத்தினால் காதுக்குப் பின்னால், நெற்றிப்பொட்டுப் பக்கம் வலி பரவி, "இதேதான் என் தலைவலி" என்று அவரே சொல்ல வேண்டும். சொல்லவில்லையா, அந்த இடத்தில் ஊசிக்கு வேலை இல்லை.

தோலை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, முழுக்கக் காய விடுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும். கைடு டியூபை (ஊசியை நேராகப் பிடிக்கும் சிறு குழாய்) வைத்து ஒரே தட்டு. அதன்பின் ஊசி எதிர்ப்பக்க விரலை நோக்கித்தான் போக வேண்டும், கீழே நெஞ்சை நோக்கி ஒருபோதும் வேண்டாம். ஊசி வெளியே வரும்வரை பிடியை விடக்கூடாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: ஊசி உள்ளே போனதும் பிடி தளர்கிறது, தசை பழைய இடத்துக்குத் தாழ்கிறது, கோணம் தானாகவே மாறிவிடுகிறது.

மெலிந்தவருக்கு 25 அல்லது 30 மி.மீ., தடித்த தசைக்கு 40. எதுவானாலும் கைப்பிடி தோலைத் தொடும்வரை செலுத்தாதீர்கள். ஊசி உடைந்தால் பெரும்பாலும் கைப்பிடி சேரும் இடத்தில்தான் உடையும், கொஞ்சம் தண்டு வெளியே தெரிந்தால்தான் பிடித்து இழுக்க முடியும். எதிர்ப்பக்கம் துளைத்து வந்து உங்கள் விரலில் ஏறவும் வாய்ப்புண்டு, எனவே பிடிக்கும் கையில் கையுறை கட்டாயம். தசையைத் தூக்கிப் பிடிக்கவே வரவில்லை என்றால் அன்றைக்கு அந்தத் தசையை விட்டுவிடுங்கள். கையால் செய்யும் சிகிச்சை இருக்கவே இருக்கிறது.

பதில் (துடிப்பு)

மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. துடிப்பைப் பற்றி மட்டும்.

துடிப்பு என்பது தண்டுவடம் வழியாக வரும் அனிச்சைச் சுருக்கம். சரியான பட்டையைத் தொட்டதற்கு அது நல்ல அடையாளம், ஆனால் துடித்தால்தான் வலி குறையும் என்று கட்டாயமில்லை. அதைத் துரத்திக்கொண்டு இருபது, முப்பது முறை குத்தினால் மிஞ்சுவது மறுநாள் வலிதான். ஒரு புள்ளியில் எட்டுப் பத்து அசைவு, அதற்குமேல் வேண்டாம் என்பது என் கணக்கு. திசையை மாற்ற வேண்டுமானால் ஊசியைத் தோலடி வரை இழுத்துவிட்டு மாற்றுங்கள். தசைக்குள் இருக்கும்போதே சாய்த்தால் ஊசி வளையும், நாரையும் கிழிக்கும். முதல் அமர்வில் ஒன்றிரண்டு தசை போதும். பயப்படுகிறவருக்கு அசைக்காமல் ஐந்து, பத்து நிமிடம் அப்படியே விட்டுவைப்பதும் ஒரு வழி.

மருந்து ஏற்றினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று அடுத்த கேள்வி வரும். ஊசி துல்லியமாகப் பட்டாலே, மருந்தில்லாமலும் வலி தணிகிறது என்று செக் மருத்துவர் கரேல் லெவிட் 1979இலேயே எழுதிவிட்டார்.

சிக்கினால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஒன்று, தசை இறுகிக் கவ்வியிருக்கும். இல்லையென்றால் ஒரே பக்கமாகச் சுழற்றியதில் நார் சுற்றியிருக்கும். இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிடுங்கள். சுற்றியிருந்தால் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். கவ்வியிருந்தால் சுற்றிலும் விரலால் லேசாகத் தட்டுங்கள், தளரும். அதுவரை நோயாளி கழுத்தைத் திருப்பக்கூடாது.

புதுஊசி

நன்றி. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்குச் செய்யலாமா? மறுநாள் வலிக்கு முன்கூட்டியே என்ன சொல்லி அனுப்புவது?

பதில் (எடைதூக்கு)

அந்த மருந்து எடுப்பவர் என்றால் முதலில் அவருடைய மருத்துவரின் கருத்தைக் கேட்டுவிடுங்கள். அவர் சரி என்றாலும், வெளியிலிருந்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தக்கூடிய மேல்தசையோடு நிறுத்துங்கள். அழுத்தம் எட்டாத ஆழ்ந்த தசைக்குப் போக வேண்டாம். நிணநீர் முடிச்சு அகற்றி வீங்கிய கை, தொற்றுள்ள தோல் இவற்றிலும் வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தால் ஊசியில் மின்தூண்டல் இணைக்கக்கூடாது.

ஊசியை எடுத்ததும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை பஞ்சால் அழுத்துங்கள். ரத்தக்கட்டும் குறையும், வலியும் குறையும். ஒன்றிரண்டு நாள் கனமான, அடிபட்டது போன்ற வலி இருக்கும், சிலருக்கு மூன்றாம் நாள் வரை போகும் என்று முன்னதாகவே சொல்லிவிட்டால் பாதி ஃபோன் வராது. வெந்நீர் ஒத்தடம், லேசான கழுத்து அசைவு போதும்.

மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது, வறட்டு இருமல்: இவை ஊசி வலி அல்ல. சில மணி நேரம் கழித்தோ மறுநாளோகூடத் தொடங்கலாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போகும்படி எழுதியே கொடுங்கள், வாயால் சொன்னது வீடு போவதற்குள் மறந்துவிடும்.

வலி குறைந்த அந்தச் சில நாள்களை வீணாக்காதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து தோளை உயர்த்தும் பயிற்சி, பின்னோக்கி இழுக்கும் பயிற்சி என்று சிறு எடையில் தொடங்குங்கள். ஊசி மட்டும் என்றால் வலி திரும்பத்தான் வரும். மூன்று அமர்வுக்குப் பிறகும் மாற்றமில்லை என்றால் நான்காவது ஊசியைத் திறக்காமல் கழுத்து நரம்பையும் தோள் மூட்டையும் மறுபடி பரிசோதியுங்கள். விரல் மரத்துப்போவது, பிடி தளர்வது இருந்தால் முதல் நாளே அதைச் செய்ய வேண்டும்.

குப்புறப்படு

ஒன்று விட்டுப்போனது. எத்தனை ஊசி போட்டோம் என்று குறிப்பேட்டில் எழுதி, எடுக்கும்போதும் எண்ணுங்கள். முடிக்குள்ளே, துணி மடிப்புக்குள்ளே ஒன்று ஒளிந்துகொள்ளும். எடுத்த ஊசிக்கு மூடி போட முயலாமல் நேராக ஊசிக் கழிவுப் பெட்டியில் போடுங்கள்.